வழுக்குப்பாறையில் நடந்தது

விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து இரும்புக் கரண்டியில் சூடு காட்டினால் ஒரு வாடை எழும்பும். கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் கரிந்த வாசம், அதற்குள் எப்படியோ ஒரு இனிப்பு. அந்த வாடை எங்கிருந்து வந்தாலும் என் உள்ளங்கால் இரண்டும் கூசும். எனக்குப் பதினோரு வயதில், ஆடி அமாவாசைக்கு, திருச்சுழிப் பக்கத்திலிருந்து சதுரகிரி மலை வரைக்கும் ஐந்து நாள் செருப்பில்லாமல் நடந்தபோது, தங்கிய இடத்திலெல்லாம் என் அம்மா அந்த எண்ணெயைத்தான் என் காலில் தேய்த்துவிட்டாள்.

அந்த நடையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கடுதாசிகூட நாலு வரிக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை, கோர்வையாகச் சொல்ல வராது, பாதி மறந்தும் போய்விட்டது. ஆள் முன்னால் பேசச் சொன்னால் இந்த வயசிலும் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பேன். தாளோடு பேசுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருப் பெண்கள் இந்த வருஷம் வேன் பிடித்து அந்த மலைக்குப் போகிறார்கள். "நீங்க நடந்தேவா போனீக, அதுவும் அந்தக் கால வச்சுக்கிட்டா?" என்று கேட்டார்கள். வாயால் சொல்ல வரவில்லை, சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கால் என்று அவர்கள் சொன்னது என் இடது காலை. ஐந்து வயது வரைக்கும் நான் எழுந்து நிற்கவில்லை. இளம்பிள்ளை வாதம் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார், அப்போது எங்கள் ஊரில் "காத்தடிச்ச காலு" என்றார்கள். தவழவும் வராது. உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தரையில் ஊன்றி, இடுப்பைத் தூக்கித் தூக்கி வைத்து நகர்வேன். வாசலிலிருந்து தொழுவத்துக்கும், தொழுவத்திலிருந்து களத்துக்கும் அப்படியே போய்வருவேன். மாதம் ஒரு பாவாடை பின்பக்கம் கிழியும். என் அப்பாவுடைய அக்கா மூக்கம்மா அத்தை அடுத்த வீடு. கெட்ட மனசு இல்லை, ஆனால் வாய் முந்திக்கொள்ளும். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "எங்க அந்த உக்காந்தா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பேரேட்டில் பாண்டியம்மாள் என்று இருந்தவள் ஊருக்கெல்லாம் "உக்காந்தா" ஆகிப்போனேன். கடையில் உப்பு வாங்கப் போனாலும் அதுதான் பேர், வாத்தியார்கூட மறந்து ஒருமுறை அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அம்மா என்னைத் தினமும் விடியலில் குண்டாற்றுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். ஆற்றில் தண்ணீர் இருக்காது, மணல்தான் இருக்கும். இடுப்பளவு குழி தோண்டி என்னை நிற்கவைத்து, மணலைத் தள்ளி மூடி, வெயில் ஏறும்வரை அப்படியே விட்டுவைப்பாள். கால் ஊன்றும் என்று யாரோ சொன்ன வைத்தியம் அது. அப்படி ஒருநாள், ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் நாலைந்து பேர் பக்கத்தில் இருக்கும்போதே, அம்மா மேற்கே சதுரகிரித் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "மகாலிங்கம், எம்பிள்ள எந்திரிச்சு நடந்தா, நடந்தே ஒன் மலைக்கு வரும். வண்டியில ஏத்தமாட்டேன், இடுப்புல தூக்கமாட்டேன், கையக்கூடப் பிடிக்கமாட்டேன்" என்று சத்தமாக நேர்ந்துகொண்டாள். நாலு பேர் காதில் விழுந்த நேர்ச்சை ஊர்ச்சொத்து மாதிரி, அதை ஒருத்தரும் மறக்க விடமாட்டார்கள்.

அந்த வருஷமே, களத்தில் அடுக்கியிருந்த பருத்திமாரை, அந்தக் காய்ந்த செடிக்குச்சிகளைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்து நின்றேன். பிறகு நடந்தேன். இடது பாதம் மட்டும் தரையை ஒட்டி இழுத்துக்கொண்டே வரும். புழுதியில் என் தடத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் பாதம் பதிந்திருக்கும், மறுபக்கம் கோடு போட்டமாதிரி இருக்கும்.

மலைக்குப் புறப்பட ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஒரு வருஷம் மழை இல்லை, ஒரு வருஷம் தம்பி பிறந்தான், ஒரு வருஷம் மாடு சீக்காகிவிட்டது. தள்ளிப்போகப் போக ஊர்ப் பெரியவர்கள் அம்மாவிடம், "வாக்குத் தப்புனா சாமி குடுத்ததத் திருப்பி வாங்கிக்கிரும் தாயி" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவர்கள் அம்மாவுக்குச் சொன்னார்கள், பயம் எனக்குப் பிடித்துக்கொண்டது. சாமி கொடுத்தது என்றால் என் கால்தானே. காலையில் கண் விழித்ததும் முதல் காரியமாக இடது கால் பெருவிரலை ஆட்டிப் பார்ப்பேன். ஆடினால்தான் மூச்சு வரும். நடந்து முடித்தால் கால் எனக்கு, முடிக்காவிட்டால் கால் சாமிக்கு. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட.

அந்த வருஷம் எங்கள் ஊரிலிருந்து இருபது பேர் கிளம்பினோம். முன்னால் போகிறவரை முன்சாமி என்போம், அது கருப்பையா மாமா. பருத்தி வெள்ளாமை பார்க்கிற சம்சாரி, ஒல்லியான ஆள், வேப்பங்குழை கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கண்மாய்க் கரையில் எல்லாருக்கும் கையில் மஞ்சள் காப்புக் கட்டினார். காப்புக் கட்டினால் எங்கள் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. திரும்பி வந்து காப்பைக் கழற்றும்வரை யாருக்கும் பேர் கிடையாது, முறையும் கிடையாது, எல்லாரும் "சாமி"தான். புருஷன் பெண்டாட்டியையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், மாமியார் மருமகளையும் அப்படித்தான். வாய் தவறிப் பேரோ முறையோ சொல்லிவிட்டால், சொன்ன இடத்திலேயே காதைப் பிடித்துக்கொண்டு மூன்று தோப்புக்கரணம் போட வேண்டும். பிள்ளைகள் நாங்கள் அதை "உக்காந்து எந்திரி" என்போம்.

சாமி என்று கூப்பிட்டுக்கொண்டால் சண்டை போடமாட்டார்கள் என்று நினைத்துத்தான் முன்னோர்கள் வைத்திருப்பார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் அதற்குள்ளேயும் சண்டை போட்டார்கள். "ஒங்க மாடு எங்க கம்பங்காட்டுல மேஞ்சத நான் இன்னும் மறக்கல சாமி" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். "வேலிய ஒழுங்கா அடைச்சா மாடு ஏஞ் சாமி வருது" என்று மற்றவள் சொல்வாள். கருப்பையா மாமா திரும்பிப் பார்க்காமலே, "ரெண்டு சாமியும் கொஞ்சம் வாய மூடிட்டு நடங்க சாமி" என்பார்.

எனக்கு அந்தச் சட்டம் தேனாக இனித்தது. ஐந்து நாளைக்கு ஒருத்தரும் என்னை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட முடியாது அல்லவா. அருப்புக்கோட்டையில் நெசவுத் தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் தறிச் சத்தம் தடக்தடக்கென்று கேட்டுக்கொண்டே வந்தது. என் கால் இழுபடும் சத்தம் அதில் அமுங்கிப்போனதால் அந்தத் தெருவை மட்டும் நான் தலையை நிமிர்த்தி நடந்தேன். கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை பாய், வாசலில் பானை வைத்து நடந்துபோகிறவர்களுக்கு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் கையில் குவளையைக் கொடுத்து, "குடிங்க சாமி, வெயிலு கூடுதலா இருக்கு" என்றார். வெளியாள் ஒருவர், பெரிய மனுஷர், என்னைப் பன்மையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மோரைக் குடித்தேனா கொட்டினேனா என்று ஞாபகம் இல்லை.

அத்தைக்குத்தான் அந்தச் சட்டம் பெரிய தொந்தரவு. ஆறேழு வருஷம் பழகிய வாய். நான் எப்போதும் கூட்டத்துக்குக் கடைசியில் இழுத்துக்கொண்டு வருவேன், அவள் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். பாலவனத்தம் தாண்டிப் புளியமர நிழலில் நின்றுகொண்டு, "ஏ உக்காந்தா, வெரசா வா" என்று கத்திவிட்டாள். இருபது பேரும் நின்றுவிட்டோம். அந்த நேரம் பார்த்து விருதுநகர் பஸ்ஸும் வந்து எங்களுக்குப் பக்கத்திலேயே ஆள் இறக்க நின்றது. சன்னலோரத்துத் தலைகளெல்லாம் பார்க்க, கனத்த உடம்பை வைத்துக்கொண்டு அத்தை காதைப் பிடித்து மூன்று முறை உட்கார்ந்து எழுந்தாள். எழுந்ததும் என்னிடம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஊருக்குப் போயிக் காப்பக் கழட்டுனதும் இருக்கு சாமி ஒனக்கு" என்றாள்.

நடை என்றால் விடியலில் தொடங்கி வெயில் ஏறும்வரை, பிறகு பொழுது சாயும்போது கொஞ்சம். நடுப்பகலில் சத்திரமோ கோயில் மண்டபமோ கிடைத்தால் புளிச்சோற்றை அவிழ்ப்போம். பழைய ஊர்களின் ஓரங்களில் தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் இருக்கும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். கர்ப்பமாக இருந்து செத்துப்போன பெண்களின் பேரால் வைத்தது என்று அம்மா சொல்வாள், ஒவ்வொரு கல்லையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கூட்டம் அந்தக் கல்லுக்குக் கல் நின்று எனக்காகக் காத்திருக்கும். காத்திருக்கும்போதெல்லாம் அத்தை, "இந்தச் சாமிய நம்பிப் போனா நம்ம அடுத்த அமாவாசைக்குத்தான் போயிச் சேருவோம் சாமி" என்பாள். அம்மா நிதானமாக, "அதுவும் அமாவாசைதான சாமி" என்பாள்.

என் அம்மா அந்த ஐந்து நாளும் என் கையைத் தொடவில்லை. காலைத் தொடுவாள், எண்ணெய் தேய்ப்பாள், தலை வாருவாள். நடக்கும்போது மட்டும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வருவாள். தன்னை அறியாமல் நீட்டிவிடுவோமோ என்று பயந்து அப்படிக் கட்டிக்கொண்டாள் என்பது எனக்கு நான் பிள்ளை பெற்ற பிறகுதான் புரிந்தது.

விருதுநகரைத் தாண்டி மூன்றாம் நாள் காலை, எரிச்சநத்தம் பக்கம் என்று நினைக்கிறேன், அத்தை நடுரோட்டில் நின்று மேற்கே கையைக் காட்டினாள். "அங்க பாருங்க சாமி, மழை எறங்குது." எல்லாரும் பார்த்தோம். வானத்தின் அடியில் நீளமாக, கருநீலமாக, மேகம் கட்டி நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள், கருப்பையா மாமா தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டார். ஒரு மணி நேரம் நடந்த பிறகும் அந்த மேகம் நின்ற இடத்திலேயே நின்றது. எதிரே சைக்கிளில் வந்த ஒருவரிடம் "அங்க மழையா?" என்று மாமா கேட்டார். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "அது மலைங்க" என்றார். கரிசல்காட்டில் பிறந்தவர்கள் கருப்பாக எதைப் பார்த்தாலும் மழை என்றுதான் நினைப்போம், வேறு என்ன செய்ய. அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அழகாபுரிக்கு அருகில் என் வலது கால் கொப்புளம் உடைந்தது. இழுக்கிற கால் நன்றாக இருந்தது, நல்ல கால்தான் கெட்டது. உட்கார்ந்து துணி சுற்றிக்கொண்டிருந்தோம். பருத்தி லோடு ஏற்றிவந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "பிள்ளைய ஏத்தி விடுங்கம்மா, வத்திராயிருப்புல எறக்கி விடுறேன். அந்தக் காலோட எப்படி நடக்கும்?" என்று கேட்டார். நல்ல மனுஷர். அம்மா என்னைப் பார்த்து, "அவரு ஒன்னத்தான் கேக்குறாரு சாமி" என்றாள். வெளியாள் முகம் பார்த்து நான் அதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை. பாயிடம்கூடத் தலையைத்தான் ஆட்டினேன்.  பெருவிரலை ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டேன். "நடந்து வாரேன்" என்று சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. அவர், "என்னது?" என்றார். இன்னொரு முறை, இந்தத் தடவை மாமா திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, "நடந்து வாரேன்" என்றேன். லாரி போய்விட்டது. துணி சுற்றின காலை ஊன்றி எழுந்தேன்.

ஐந்தாம் நாள் விடியலில் தாணிப்பாறை அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஆடிக்காற்று புழுதியைத்தான் கொண்டுவரும், இங்கே அதே காற்று சாரலைக் கொண்டுவந்தது. அத்தை ஓடைக்குள் இறங்கி முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "ஆடியில ஓடுற தண்ணி, சாமி, ஆடியில ஓடுற தண்ணி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எல்லாரும் குளித்து ஈரத்துணியோடு ஏற ஆரம்பித்தோம். முதல் கொஞ்ச தூரம் வேர்களும் கற்களும் படி மாதிரி இருந்தன, ஏறிவிட்டேன். பிறகு வழுக்குப்பாறை வந்தது.

இப்போது பார்த்தால் அது அவ்வளவு பெரிதாகத் தெரியாதோ என்னவோ. அன்றைக்கு அது ஒரு யானை படுத்துக்கிடந்து நாம் அதன் முதுகில் நடப்பதுபோல இருந்தது. சரிவாக, வழவழப்பாக, முந்தின நாள் சாரலில் மேலே ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கீழே ஓடைக்குள் உருண்டைக் கற்கள். பிடிக்க ஒன்றும் இல்லை. எங்களுக்கு முன்னால் ஏறிய, மலைப்பக்கத்து மேற்குச் சீமைக்காரர்கள் பாதத்தை முழுசாகப் படியவைத்துத் தட்டித் தட்டிப் போய்விட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அது தெரியாது. கரிசல் மண் ஈரமாக இருந்தால் பெருவிரலை மண்ணுக்குள் குத்தி ஊன்றி நடப்போம், பிறந்ததிலிருந்து அதுதான் பழக்கம். பாறையில் பெருவிரலைக் குத்தினால் எங்கே இறங்கும். கருப்பையா மாமா கம்போடு இரண்டு முறை சறுக்கி ஒருவழியாக அந்தப் பக்கம் போனார். அவர் பின்னாலேயே போன இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டே போனார்கள்.

என் முறை வந்தது. அம்மா பின்னால் நின்றாள். இரண்டு அடி வைத்தேன். மண்ணில் இழுபடுகிற கால் பாறையில் தானாக ஓடிவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. விழுந்தேன், முழங்காலில் இரத்தம். திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கை நீண்டு என் தோள்வரைக்கும் வந்திருந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அந்தக் கை அப்படியே பின்வாங்கிப் போனது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "பெருவிரல ஊனு சாமி, பெருவிரல ஊனு" என்று இரண்டு பக்கமிருந்தும் கத்தினார்கள். ஊன்றினேன், மறுபடியும் விழுந்தேன், இந்தத் தடவை சரிவில் ஒரு முழம் கீழே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நான் யோசித்துச் செய்தது ஒன்றும் இல்லை. என் உடம்பு தானாக உட்கார்ந்தது. இரண்டு உள்ளங்கையும் பாறையில் பதிந்தன, இடுப்பு எழும்பியது, ஒரு சாண் தள்ளி வைத்தது. மறுபடியும் எழும்பியது, வைத்தது. ஆறு வருஷமாக மறந்திருந்த வித்தை கையில் அப்படியே இருந்தது. தண்ணீர் பாவாடைக்குள் குளிர்ந்து ஓடியது.  அந்தப் பக்கம் போய், காய்ந்த மண்ணைக் கையால் தொட்டேன். தொட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கப் பயம். நடந்து வருவேன் என்று நேர்ந்துகொண்டு உட்கார்ந்து வந்துவிட்டேன், சாமி காலை எடுத்திருக்கும். பெருவிரலை ஆட்டிப் பார்க்கக்கூடத் துணிச்சல் இல்லை.

இன்னும் பாறையைக் கடக்காமல் அம்மாவோடு நின்ற அத்தை அதையே வாயால் சொன்னாள். "நடந்து வாரேன்னுதான நேந்துக்கிட்டது? இப்ப உக்காந்துல்ல போயிருக்கு. எப்படிச் சாமி கணக்கு?" அம்மா முகம் சுண்டிப்போனது. கேள்வி நியாயமானதுதான். கேட்டுவிட்டு அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெருவிரலைக் குத்தி, விறைப்பாக நாலு அடி வைத்தாள். ஐந்தாவது அடியில் தொம்மென்று பாறைமேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் கொஞ்சம் சறுக்கினாள், ஒரு வெடிப்பில் குதிகால் மாட்டி நின்றது. எழுந்திருக்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. கீழே ஓடையைப் பார்த்ததும் அவளுக்கு நடுக்கம் வந்துவிட்டது.

நான் என்னை மறந்து கத்தினேன். "அத்த, எந்திரிக்காதீக. கைய ரெண்டயும் பின்னால ஊனுங்க. இடுப்பத் தூக்கி இங்கிட்டு வைங்க. கீழ பாக்காதீக, என்னயப் பாருங்க." நானா அவ்வளவு பேசினேன் என்று இன்றைக்கும் எனக்கு நம்ப முடியவில்லை. அத்தை என்னைப் பார்த்தாள். கையை ஊன்றினாள், இடுப்பைத் தூக்கினாள், வைத்தாள். "அப்படித்தான், இன்னொண்ணு" என்றேன். பதினைந்து இருபது தடவை அப்படி வைத்து, அரைத்த மாவு மாதிரித் தொப்பென்று எனக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தாள்.

கருப்பையா மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "ஏஞ் சாமி, இப்ப யாரு உக்காந்தா?" என்று கேட்டார்.

அத்தைக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் விடவில்லை. "பேரச் சொல்லிட்டாரு, பேரச் சொல்லிட்டாரு, போடச் சொல்லுங்க தோப்புக்கரணம்" என்றாள்.

"நான் எங்க பேரச் சொன்னேன்? நடந்ததச் சொன்னேன் சாமி" என்றார் மாமா.

பாறையைக் கடக்காமல் அதுவரை கல்லாக நின்ற அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "கேட்டீகளா எல்லாச் சாமியும், நடந்ததுன்னு அவுக வாயாலயே சொல்லிட்டாக. முன்சாமி சொன்னாச் சொன்னதுதான்" என்றாள். மாமா ஒரு நிமிஷம் விழித்தார். தன் வாயிலிருந்து வந்த வார்த்தை எங்கே போய் நிற்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வேப்பங்குழையை மலையைப் பார்த்து ஒருமுறை ஆட்டி, "ஆமா, நடந்ததுதான்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பாக்கியிருந்த அத்தனை பேரும் சேலையையும் வேட்டியையும் சுருட்டிக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்தார்கள். வரிசையாக, கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி வைத்து, நான் சொல்லச் சொல்ல நகர்ந்து வந்தார்கள். கடைசியாக அம்மா வந்தாள். மேலே ஏறிப்போகிற வேறு ஊர்க்காரர்கள் எங்களைக் கடந்து போகும்போது, இது ஏதோ எங்கள் பக்கத்து நேர்ச்சை என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டு போனார்கள்.

நான் மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை. அத்தைதான் என்னை எழுப்பினாள், பிரியத்தால் இல்லை. மாமாவைப் பிடிக்க முடியாத கோபத்தில் என் பக்கம் திரும்பி, "அவரு சொல்லலைன்னா போகுது, இது என்னய அத்தைன்னு கூப்புட்டுச்சே, எல்லாரும் கேட்டீகதான? போடச் சொல்லுங்க" என்றாள். சட்டம் சட்டம்தான், முறை சொன்னாலும் குற்றம்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தோப்புக்கரணம் போட வேண்டும் என்றால் முதலில் எழுந்து நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எழுந்தேன். கால் நின்றது. காதைப் பிடித்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். ஒன்று. பிறகு இரண்டு. மூன்றாவது எழும்போது கண்ணைத் திறந்துவிட்டேன், சிரித்தும்விட்டேன். என் இடது கால் நடுங்கியது, ஆனால் அது என் காலாகவே இருந்தது. மூன்று போதும் என்று மாமா சொன்ன பிறகும் நான் நாலாவதாக ஒன்று போட்டேன்.

அதற்குப் பிறகு மலை ஏறியது எனக்கு ஓடினமாதிரிதான் ஞாபகம் இருக்கிறது. கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பச்சரிசிப் பாறை என்று பேர் பேராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பல இடத்தில் நான் கூட்டத்துக்குக் கடைசியில் இல்லை. கடைசியில் அத்தை இருந்தாள், நான் அவளோடு நின்று நின்று போனேன். உச்சி வேளைக்குள் கோயில் வந்துவிட்டது. சன்னதியில் எட்டிப் பார்த்தேன். லிங்கம் நேராக இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எனக்கு யாரும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் நிற்கும்போது எந்தப் பக்கம் சாய்வேனோ அந்தப் பக்கமாகவே சாய்ந்திருந்ததாக எனக்குத் தோன்றியது. அதுவரை பயந்துகொண்டே வந்த சாமியிடம் எனக்கு அந்த நிமிஷம் பயம் போய்விட்டது. கும்பிட்டு முடித்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள். ஐந்து நாள் பிடிக்காததையெல்லாம் சேர்த்துவைத்துப் பிடித்தாள், விரல் வலித்தது. இறங்கும்போது வழுக்குப்பாறையில் இரண்டு பேரும் கைகோத்தபடியே உட்கார்ந்து இறங்கினோம். இறங்குவதற்கு நேர்ச்சை இல்லை.

வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம், எனக்குச் சன்னலோரம் கொடுத்தார்கள். கண்மாய்க் கரையில் காப்பைக் கழற்றினதும் எல்லாருக்கும் பழைய பேர் வந்துவிட்டது, பழைய சண்டையும் வந்துவிட்டது. எனக்கும் "உக்காந்தா" வந்தது. மெய்யைச் சொன்னால் அந்தப் பேர் போகவே இல்லை. ஆனால் புதுசாக வந்த மருமகள்கள் யாராவது "ஏன் இந்தப் பேரு?" என்று கேட்டால், என் ஐந்து வயதுக் கதையை யாரும் சொல்வதில்லை, பாறைக் கதையைத்தான் சொன்னார்கள். அதிலும் அத்தை சொல்வதுதான் நீளமாக இருக்கும். "அன்னைக்கு எம் மருமக மட்டும் உக்காரலைன்னா இருபது உசுரும் ஓடைக்குள்ள" என்று, இருபது பேரையும் நான் காப்பாற்றியதாகவே முடிப்பாள். தான் தோப்புக்கரணம் போட்டதை மட்டும் விட்டுவிடுவாள்.

இன்றைக்கு அம்மா இல்லை, மாமா இல்லை, அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட யாரும் பாக்கி இல்லை. இந்த டவுனில் நான் பாண்டியம்மாள்தான், ரேஷன் அட்டையில் இருப்பது மாதிரி. அகலமாக்கின ரோட்டில் சுமைதாங்கிக் கற்களைக் காணோம். நடந்து போகிறவர்கள் இப்போதும் போகிறார்கள், பின்னாலேயே ஒரு வண்டி பையையும் தண்ணீர்க் கேனையும் ஏற்றிக்கொண்டு வருகிறது. நல்லதுதான், கொப்புளம் உடைந்தால் மருந்து கிடைக்கும். வழுக்குப்பாறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறது என்று ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். நான் அப்புறம் போகவில்லை.

அதனால் எங்கள் தெருப் பெண்களுக்கும், இதைப் படிக்கிறவர்களில் அந்தப் பாதை தெரிந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எரிச்சநத்தம் முதலில் வருமா, அழகாபுரி முதலில் வருமா, நாவல் ஊற்று குகைக்கு முன்னாலா பின்னாலா, லிங்கம் சாய்ந்திருப்பது எந்தப் பக்கம் என்பதையெல்லாம் யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். எழுத்துப் பிழையையும் திருத்திக்கொள்ளுங்கள். நான் நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.